சருகு எங்கே கிடக்கிறது என்பதுதான் விஷயம்: போடி மலையடிவாரத்தில் ஒரு வீட்டுத் தோட்டம்

மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் தீயைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான யோசனை வரும். "எல்லாத்தையும் வெட்டி மொட்டையாக்கிடு, எரியறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்பார் ஒருவர். "சருகுதான் மண்ணுக்கு உயிர், ஒரு இலையைக்கூட வெளியே போடாதே" என்பார் இன்னொருவர். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் போகிற வழியில் இருக்கும் எங்கள் வீட்டுத் தோட்டத்தை நான் கவனிக்க ஆரம்பித்த நாள் முதல் இந்த இரண்டையும் மாறி மாறிக் கேட்டிருக்கிறேன். மொட்டையாக்கிய நிலம் மொட்டையாகவே இருப்பதில்லை. ஐப்பசி மழைக்கு அதில் புல்லும் களையும் இடுப்பளவு எழும்பி, பங்குனியில் அப்படியே காய்ந்து நிற்கும். வாசற்படி வரைக்கும் சருகைப் பரப்பி வைத்தால் பறந்து வருகிற தீப்பொறிக்கு மெத்தை விரித்துக் கொடுத்த மாதிரி. ஈரமானது எங்கே இருக்கிறது, காய்ந்தது எங்கே கிடக்கிறது என்ற கணக்கு சரியாக இருந்தால் பச்சையும் நிற்கும், வீடும் நிற்கும். அந்தக் கணக்கை எங்கள் இடத்தில் எப்படிப் போட்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் வானத்தைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. எங்களுக்கு மேற்கே மலையின் உச்சிதான் எல்லை. போடிமெட்டு தாண்டினால் கேரளம். என் நாத்தனார் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் குடியிருக்கிறார். ஆனி, ஆடியில் அவர் வீட்டுச் சுவரில் பாசி பிடிக்கும், துணி காய ஒரு வாரம் ஆகும். அதே மாதங்களில் எங்கள் பக்கம் காற்று மட்டும்தான் இறங்கும். மழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொண்டு, வறண்ட காற்றை இந்தப் பக்கம் தள்ளிவிடும். எங்களுக்கு மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசியும் கார்த்திகையும்தான். தை பிறந்தால் புல் வெளுக்க ஆரம்பிக்கும், மாசியில் மலை முழுக்கப் பழுப்பாகிவிடும். ஆகவே எங்களுக்கு மாசி முதல் சித்திரை வரை ஒரு தீக்காலம், ஆடிக்காற்றோடு இன்னொரு தீக்காலம். இந்த இரண்டாவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

நாத்தனார் வரும்போதெல்லாம் ஏதாவது கன்று, கிழங்கு கொண்டுவருவார். "நாங்க அங்க இலையைக் கூட்டவே மாட்டோம், அப்படியே மட்கிப் போகும், நீங்க ஏன் இப்படிக் கூட்டிக் கூட்டி மண்ணைக் காயப் போடுறீங்க?" என்று கேட்பார். அவர் ஊருக்கு அது முற்றிலும் சரி. அங்கே விழுந்த இலையில் ஈரம் இருக்கிறது, ஒரு பருவத்தில் மண்ணாகிவிடும். எங்கள் ஊரில் தையில் விழுந்த இலை சித்திரை வரைக்கும் அப்பளம் போல மொறமொறவென்றே கிடக்கும். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற தோட்டத்துப் பழக்கத்தைக்கூட அப்படியே எடுத்துவர முடியாது.

குரங்கணி எங்களுக்குத் தூரமில்லை. 2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறிவிட்டு இறங்கியவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நாடு முழுக்கத் தெரியும். அந்தச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு நிற்கிற போதைப்புல்லைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீ ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது என்று விளக்க வேண்டியதில்லை. அது எலுமிச்சை வாசனை அடிக்கிற எண்ணெய்ப் புல், காய்ந்தால் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும். தீ மேல்நோக்கி ஏறும்போது சுவாலை மேலே இருக்கிற புல்லுக்குக் கிட்டத்தில் சாய்ந்து, அதை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்று தீயணைப்பில் ஒரு கணக்கு உண்டு. பகலில் காற்று பள்ளத்திலிருந்து மலைக்கு ஏறும், இரவில் மலையிலிருந்து இறங்கும். வீடு சரிவில் இருந்தால் எந்தப் பக்கம் அதிகமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்: வீட்டுக்குக் கீழே இருக்கிற பக்கம்தான். பலர் மலையைப் பார்த்த பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, கீழே ஓடையோரத்து உண்ணிச்செடிப் புதரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வீடுகளை எரிப்பது பெரும்பாலும் தீயின் முன்வரிசை இல்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டுத்தீயில் போன வீடுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, காற்றில் பறந்து வரும் பொறிகள்தான் பாதி வேலையைச் செய்கின்றன என்று. எங்கள் தெருவிலும் அதுதான் நடந்தது. ஒரு பங்குனி மாதம் மேலே சரிவில் தீ பிடித்து இரவு முழுக்க மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது எங்கள் தெருவுக்கு வரவே இல்லை, ஓடையிலேயே அணைந்துபோனது. ஆனால் நடுச்சாமத்தில், தீயிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்த ஒரு வைக்கோல் படப்பு தானாகப் புகைய ஆரம்பித்தது. அதிலிருந்து பக்கத்து மாட்டுக்கொட்டகையின் கிடுகுக் கூரைக்குப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா அரிவாளோடு ஓடிப்போய் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டார். அவிழ்க்கிற நேரமில்லை. மாடுகள் தப்பித்தன, கொட்டகை போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் கொட்டகைக்கு ஒட்டிப் படப்பு போடுவதில்லை, கோடை முழுக்க ராத்திரி மாட்டை உருவு முடிச்சில்தான் கட்டுகிறோம், ஒரு இழுப்பில் அவிழ வேண்டும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

வீட்டுச் சுவரைச் சுற்றி ஐந்து அடி. இந்த ஐந்து அடியில் எரியக்கூடிய எதுவும் கிடையாது என்பதை எங்கள் வீட்டில் சட்டமாகவே வைத்திருக்கிறோம். சிறுஜல்லி பரப்பியிருக்கிறேன், சில இடங்களில் வெறும் கட்டாந்தரை. விறகு அடுக்குவது, தேங்காய் மட்டை குவிப்பது, தென்னை விளக்குமாற்றைச் சாய்த்து வைப்பது, பழைய சாக்கு, கயிற்றுக் கட்டில், பிளாஸ்டிக் தொட்டி, தேங்காய் நார்க்கால்மிதி, இதெல்லாம் கோடையில் சுவரோரம் இருக்கக் கூடாது. நார்க்கழிவு மூட்டை வாங்கி வந்து திண்ணையோரம் போட்டு வைப்பவர்கள் ரொம்பப் பேர். அதில் பொறி விழுந்தால் சுவாலையே இல்லாமல் உள்ளுக்குள்ளே மணிக்கணக்கில் கனியும், எல்லோரும் தூங்கின பிறகு பற்றும். இந்த ஐந்து அடியால் தீயைத் தடுக்கிற நன்மை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சுவரோரச் சருகும் விறகும் இல்லாவிட்டால் கரையான் நிலைக்கதவுக்கு ஏறுவது குறைகிறது. கட்டுவிரியனும் தேளும் பதுங்க இடமில்லை. மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறுவதும் குறைகிறது. கண்ணாடி விரியன் காய்ந்த இலையோடு இலையாகப் படுத்திருந்தால் பகலிலேயே தெரியாது, வெறும் ஜல்லியில் கிடந்தால் தெரியும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் இந்த ஒரு காரணமே போதும்.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இலவம்பஞ்சு. போடி மெத்தைப் பஞ்சுக்குப் பேர்போன ஊர், அடிவாரம் முழுக்க இலவமரம். மரம் இலை உதிர்த்துக் காயோடு நிற்பதும், காய் வெடித்துப் பஞ்சு பறப்பதும் சரியாக மலை காய்ந்து கிடக்கிற பங்குனி, சித்திரையில்தான். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பஞ்சு ஓட்டு இடுக்கு, ஜன்னல் கம்பி, தகரத்தின் மடிப்பு, மழைநீர்க் குழாய் என்று எங்கே காற்று நிற்கிறதோ அங்கே போய் ஒட்டிச் சேரும். இலவம்பஞ்சு தீப்பெட்டிக் குச்சியை விட வேகமாகப் பிடிக்கிற சாமான். அதோடு அதன் இழைமேல் மெழுகுபோல ஒரு பூச்சு உண்டு, தண்ணீரை உள்ளே விடாது. அந்தக் குணத்துக்காகத்தான் ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைக்குள் அதை அடைத்தார்கள். எரிகிற பஞ்சுக் குவியலில் வாளித் தண்ணீரை ஊற்றினால் மேலே உருண்டு ஓடிவிடும், உள்ளே கங்கு அப்படியே இருக்கும். துணி சோப்புத்தூளைக் கொஞ்சம் கரைத்த தண்ணீர் என்றால் உள்ளே இறங்கும். கோடையில் ஒரு வாளிக்கு அருகில் சோப்புத்தூள் டப்பா எப்போதும் இருக்கும் எங்கள் வீட்டில். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடுகிறார்களே, அது 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் தீப்பிடித்து வெடித்த கப்பலின் நினைவாகத்தான். அந்தக் கப்பலில் வெடிமருந்தோடு பருத்திப் பொதிகளையும் சேர்த்தே ஏற்றியிருந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் அதில் போனார்கள். பஞ்சுக்குள் இருக்கும் கங்கு எவ்வளவு பிடிவாதமானது என்று அதை நினைத்தால் போதும்.

காய் வெடிப்பதற்கு முன்பே பறித்து இறக்கிவிடுவதுதான் சரியான வழி. குத்தகைக்காரர் தாமதம் செய்தால் வீட்டை ஒட்டிய மரத்தை மட்டுமாவது முதலில் பறிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும். பஞ்சு பறக்கிற வாரங்களில் ஓட்டு இறவாரத்தை நாங்கள் காலையில் நீண்ட துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். எங்களுடையது ஓட்டு வீடு. இறவாரத்துக்கும் சுவருக்கும் இடையே குருவி கூடு கட்டுகிற சந்து இருந்தது. குஞ்சு பறந்த பிறகு, மூன்று மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை அடித்து மூடினோம். பிளாஸ்டிக் கொசுவலை இதற்கு உதவாது, பொறி பட்டதும் உருகி ஓட்டை விழும். குருவிக்கு வேலிப்பக்கம் மண்சட்டி கட்டிக் கொடுத்தோம், அதற்கும் பழகிவிட்டன.

ஐந்து அடிக்கு அப்பால்தான் தோட்டம் ஆரம்பம். அங்கே முதல் வரிசை சதைப்பற்றுள்ள செடிகள்: சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, கற்பூரவல்லி, பிரண்டை, கொடிப்பசலை, பருப்புக்கீரை. எல்லாம் வீட்டுக்கு வேண்டியவை, கொஞ்சத் தண்ணீரில் பிழைப்பவை, இலைக்குள் ஈரத்தை வைத்திருப்பவை. எரியவே எரியாத செடி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. நர்சரியில் யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். தண்ணீர் காணாத கற்றாழைகூடக் காய்ந்து நாராகும். ஈரமாக இருக்கிற செடி பற்றுவதற்கு நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் நமக்கு வேண்டியது.

அதற்கு அடுத்து காய்கறிப் பாத்திகள், வாழை, பப்பாளி, கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா. வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், தடுப்புச்சுவராக அதைவிட நல்லது கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அடிவரைக்கும் தொங்குகிற வாழைச்சருகு அந்த நன்மையை முழுக்கக் கெடுத்துவிடும். அதை மாதம் ஒருமுறை அறுக்க வேண்டும். தென்னையும் அப்படித்தான். மரம் பச்சையாக இருக்கும், மேலே காய்ந்த மட்டையும் பன்னாடையும் பாளையும் தொங்கும். பொறி போய் அங்கே உட்கார்ந்தால் நாற்பது அடி உயரத்தில் எரிகிறதை நாம் என்ன செய்ய முடியும்? தேங்காய் இறக்க ஆள் வரும்போதே, மாசிக்கு முன்னால் கொண்டையைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கூடுதலாகக் கூலி கொடுக்கிறோம். எலிக்கும் காண்டாமிருக வண்டுக்கும்கூட இது நல்ல தடுப்பு.

எண்ணெய் உள்ளவை வீட்டுக்குத் தூரமாகப் போக வேண்டும். தைலமரம், சவுக்கு, மூங்கில் புதர், எலுமிச்சைப்புல் தூர், எல்லாம். தேநீருக்காக எலுமிச்சைப்புல் வைத்திருப்பவர்கள் அடியில் காய்ந்த தாளை உருவி எடுத்துவிட்டுத் தொடர்ந்து தண்ணீர் விட்டால் தப்பில்லை. ஆனால் ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். காகிதப்பூக்கொடியை முகப்பில் ஏற்றிவிடுவது எங்கள் பக்கம் இப்போது எல்லோருக்கும் ஆசை. வெளியே பூவாகத் தெரியும், உள்ளே கையை விட்டுப் பாருங்கள், அத்தனையும் காய்ந்த குச்சி. அதைக் கூரைக்குத் தொடவிடாமல் கம்பத்தில் தனியாக ஏற்றுங்கள், உள்குச்சியை வருடத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள்.

பெரிய மரங்களுக்கு ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும். தரைப்புல்லில் இருக்கிற தீ புதருக்கு ஏறி, புதரிலிருந்து தாழ்ந்த கிளைக்கு ஏறித்தான் உச்சிக்குப் போகிறது. நடுவில் ஒரு படியை எடுத்துவிட்டால் ஏற முடியாது. ஆகவே மாமரத்துக்கும் புளிக்கும் அடியில் புதர் கிடையாது, ஆறு அடி முதல் எட்டு அடி வரைக்கும் கிளை கிடையாது. கூரைமேல் நீட்டுகிற கிளையும் கிடையாது. எங்கள் மாமரக் கிளை ஒன்று அடுப்படி ஓட்டுக்கு மேலே நல்ல நிழல் தந்துகொண்டிருந்தது. அதை வெட்டும்போது மாமியாருக்கு மனசே இல்லை, எனக்கும்தான். ஆனால் ஓட்டில் விழுகிற இலையைத் தினமும் கூட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

பந்தல் விஷயம் முக்கியம். அவரை, புடலை, பாகல், பீர்க்கு எல்லாம் தையோடு ஓய்ந்துவிடும். காய்ந்த கொடியை அப்படியே பந்தலில் விட்டுவிட்டு அடுத்த விதைப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான பழக்கம். மூங்கில் கால், தென்னங்கீற்று, காய்ந்த கொடி, அதுவும் வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் கட்டியது என்றால், அது தீயை நேராக வீட்டுக்குள் அழைத்து வருகிற வழி. நாங்கள் இரும்புக் குழாய் ஊன்றிக் கம்பி இழுத்துவிட்டோம், வீட்டிலிருந்து தள்ளி. கொடி ஓய்ந்த வாரமே அறுத்துக் குழிக்குள் போகும். பச்சை நிழல்வலையும் பிளாஸ்டிக்தான். எரியும்போது சொட்டுச் சொட்டாக உருகி விழும், விழுந்த இடமெல்லாம் பற்றும். கீரைப் பாத்திக்கு மேலே வேண்டுமானால் கட்டலாம். ஜன்னலுக்கு முன்னால் வெயில் மறைப்பாகக் கட்ட வேண்டாம்.

இப்போது சருகு. கூட்டின சருகை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கொளுத்துவதுதான் ஊர்ப்பழக்கம், சாயங்காலமானால் தெருவுக்கு நாலு இடத்தில் புகை. மலையில் பிடிக்கிற தீயில் எத்தனை இப்படித் தோட்டத்தில் "சும்மா கொஞ்சம்" கொளுத்தினதிலிருந்து போனவை என்று வனக்காவலர்களைக் கேட்டால் தெரியும். அதோடு அந்தப் புகையில் பாலிதீனும் சேர்ந்திருக்கும், பிள்ளைகளுக்கு இழுப்பு வரும். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அது உண்டு, அதனால் நான் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை, பக்கத்தில் யார் கொளுத்தினாலும் நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு வெறுங்கையோடு வராமல் அந்தச் சருகைக் கேட்டு வாங்கி வருவேன், அதனால் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

வீட்டிலிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளி, சுற்றிலும் வெறும் மண்ணாக வைத்து, மூன்றடி ஆழத்தில் இரண்டு குழிகள். ஒரு அடுக்குச் சருகு, ஒரு அடுக்குச் சாணிக்கரைசல், பச்சைத்தழை, சமையலறைக் கழிவு, மேலே கொஞ்சம் மண். பிழிந்தால் சொட்டாமல் கையில் ஈரம் தெரிகிற பதம். சரியாகப் போனால் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும், அது களைவிதைகளையும் நோய்க்கிருமிகளையும் கொல்கிற நல்ல சூடு. ஆனால் பெரிய குவியலாகப் போட்டுக் காயவிட்டால் அந்தச் சூடே ஆபத்து. கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டிக் கிளற வேண்டும். மட்கினதும் அதைத்தான் செடிக்கு மூடாக்காகப் போடுகிறேன். நன்றாக மட்கிய உரம் மண்ணோடு ஒட்டி ஈரமாகக் கிடக்கும், சுலபத்தில் பற்றாது. முழுச்சருகு மூடாக்கு வேண்டுமென்றால் வீட்டுக்குத் தூரமான மாமரத்து அடியிலும் கொய்யா அடியிலும் மட்டும், அதுவும் சொட்டுநீர் விழுகிற வட்டத்துக்குள், இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல், ஒரு மரத்து வட்டமும் அடுத்த மரத்து வட்டமும் தொடாமல். நடுவில் வெறும் மண் நடைபாதை. அந்த நடைபாதைகள்தான் எங்கள் தோட்டத்தின் தீத்தடுப்புக் கோடு, வேறு தனியாக ஒன்றும் போடவில்லை.

தண்ணீருக்கு வருவோம். தீப்பிடிக்கிற நேரத்தில் கரண்ட் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கம்பி அறுந்து போகும், அல்லது அவர்களே நிறுத்துவார்கள். ஆகவே மோட்டாரை நம்பாமல், மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்குகிற குழாய் ஒன்றைத் தோட்டத்துக்குத் தனியாக இழுத்து, வீட்டின் நான்கு மூலையையும் எட்டுகிற நீளத்துக்குக் குழாய்ச் சுருள் வைத்திருக்கிறோம். வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று என டிரம் தண்ணீர், பக்கத்திலேயே வாளி, பழைய சணல்சாக்கு. நனைத்த சாக்கால் அடிப்பது சின்னத் தீக்கு நல்ல ஆயுதம், மலையில் வனக்காவலர்கள் பச்சைக் குழையை ஒடித்து அடிப்பதும் அதே தத்துவம்தான். ஆனால் திறந்த டிரம் வைத்தால் தீக்குத் தயாரான வீட்டில் டெங்கு வரும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான். டிரம்மை இறுக்கமான மூடியாலோ துணி கட்டியோ மூடி, வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, உட்சுவரைத் தேய்த்துக் கழுவித்தான் மறுபடி நிரப்ப வேண்டும். தேய்ப்பது முக்கியம், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டே காய்ந்து கிடந்து அடுத்த தண்ணீருக்குப் பொரிக்கும். பெரிய சிமெண்ட் தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறோம்.

மின்கம்பிமேல் தென்னைமட்டை உரசினால் ஆடிக்காற்றில் பொறி பறக்கும். அதை நீங்களே துறட்டிக் கம்பு கொண்டு இழுக்காதீர்கள், உயிர் போகும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். புல்வெட்டும் இயந்திரம் கல்லில் பட்டும் பொறி வரும். காலை எட்டு மணிக்குள், பனி ஈரம் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

உண்மையிலேயே தீ கிட்டத்தில் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோரும் ஒருமுறை பேசி வைத்திருப்பது நல்லது. முதலில் 101 அல்லது 112. கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பி விடுவது. மாட்டை, நாயை அவிழ்த்துவிடுவது. சிலிண்டரை மூடுவது. கதவு ஜன்னல் அடைத்து, ஜன்னல் திரைத்துணியைக் கழற்றி உள்ளே போடுவது. நைலான், பாலியஸ்டர் துணி உடம்பில் உருகி ஒட்டும், முழுக்கைப் பருத்தித் துணியும் செருப்புக்குப் பதிலாக ஷூவும் போட்டுக்கொள்வது. தீக்கு முன்னால் மேட்டை நோக்கி ஓடவே கூடாது. வயதானவர்களையும் பிள்ளைகளையும் "கொஞ்சம் பார்த்துட்டுப் போகலாம்" என்று வைத்திருக்காமல் முதலிலேயே அனுப்பிவிட வேண்டும், வீடு பிறகு. யாருக்காவது தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் ஓடுகிற சாதாரணத் தண்ணீர்தான் மருந்து. பேஸ்ட், மாவு, மை எதுவும் வேண்டாம். பிறகு 108.

தீ அணைந்த பிறகு உடனே தூங்கப் போகாதீர்கள். பனை, தென்னைத் தூர், படப்பின் அடி, எருக்குழி, இவற்றில் கங்கு ஒரு நாள் இரண்டு நாள் கழித்தும் உயிரோடு இருக்கும். புறங்கையை அருகில் காட்டிச் சூடு தெரிகிறதா என்று பார்த்து, கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். மலைத்தீயின் சாம்பல் கூரையெல்லாம் படிந்திருக்கும், மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். சாம்பல் உரம்தானே என்று செடிக்கு வாரிக் கொட்டவும் வேண்டாம். ஒரு செடிக்கு ஒரு பிடி போதும், அதிகமானால் மண் உவராகி இலை மஞ்சளாகும்.

கடைசியாக, எங்களால் தனியாகத் தீர்க்க முடியாமல் இருந்த ஒரு விஷயம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மனை. வாங்கிப் போட்டவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். ஐப்பசி மழைக்குப் புல் ஆளுயரம் வளர்ந்து, மாசியில் வெளுத்து நிற்கும். என் பக்கத்தை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் அது எரிந்தால் எனக்கும் ஆபத்து. ஆள் வைத்து அறுத்துப் பார்த்தோம், அறுத்த புல்லை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி. பெரியப்பாதான் யோசனை சொன்னார்: "ஏன் தாயி கூலி குடுத்து அறுக்கிற, கிடை போடச் சொல்லு, புல்லும் போகும், நிலத்துக்கு எருவும் ஆகும்." மனைக்காரரிடம் போனில் பேசினோம், செலவில்லாமல் இடம் சுத்தமாகிறது என்றதும் உடனே சரி என்றார். கார்த்திகை கடைசியில் புல் இன்னும் பச்சையாக இருக்கும்போதே ஆட்டுக்கிடைக்காரர் வந்து பகலில் மேயவிட்டு, ராத்திரி அங்கேயே பட்டி அடைத்தார். நன்றாக முற்றிக் காய்ந்த புல்லை ஆடு தொடாது, அதனால் நேரம் முக்கியம். ஆடு விட்டுவைத்த உண்ணிச்செடியை மட்டும் நாங்கள் தூரோடு பிடுங்கினோம். வேலியோரம் பத்தடி அகலத்துக்கு மண் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. இதைப் பார்த்துத் தெருவில் இன்னும் இரண்டு மனைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். தை அறுவடை முடிந்துவிட்டால் கிடைக்காரர்கள் எல்லோரும் வயல்பக்கம் போய்விடுவார்கள், கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். அதனால் ஐப்பசி மழை விடும்போதே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்துவிடுகிறோம், மூன்று மனைக்கும் சேர்த்து, செலவைப் பகிர்ந்துகொண்டு.